பாரந்தூக்கியின் மேலெல்லை: லிமிட் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய தொழிற்சாலைகளில் கூரைக்கடியே தண்டவாளங்களின் மீது ஓடும் மின்சாரப் பாரந்தூக்கிகளைப் பலரும் கண்டிருப்பர். பல டன் எடையுள்ள வார்ப்பு ஒன்று கொக்கியில் தொங்கியவாறு மேலெழுகின்றது. இயக்குபவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கச் சற்றுத் தாமதித்தால், கொக்கியைத் தாங்கும் கப்பித் தொகுதி, கம்பிவடம் சுற்றப்படும் உருளையின் மீது சென்று மோதும். மோட்டாரோ அப்பொழுதும் இழுத்துக்கொண்டே இருக்கும். வடம் அறுந்து பாரம் கீழே விழும். இதைத் தடுக்கவே உருளைக்குக் கீழே லிமிட் சுவிட்சு என்னும் சிறு கருவி பொருத்தப்படுகின்றது. பாரந்தூக்கியின் விலையோடு ஒப்பிடுகையில் இதன் விலை அற்பம். அதனாலேயே போலும், இதைத் தேர்ந்தெடுப்பதில் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை.

கருவியின் அமைப்பு எளியது. இயந்திரத்தின் நகரும் உறுப்பு ஒரு நெம்புகோலையோ குமிழையோ தள்ளுகின்றது. உள்ளிருக்கும் தொடுமுனைகள் பிரிந்து மின்சுற்றைத் துண்டிக்கின்றன. முனைகள் மெதுவாகப் பிரிந்தால் அவற்றிடையே மின்பொறி நீடித்து உலோகத்தை அரிக்கும். இக்குறையைப் போக்க, ஸ்பிரிங் தகடு ஒன்று திடீரெனப் புரண்டு சுற்றைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் பீட்டர் மக்கால் என்பவர் உருவாக்கினார். நெம்புகோல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் இதன் தொடுமுனைகள் 'டக்' என்று ஒரே வேகத்தில் பிரியும். ஆயினும் இதிலும் ஓர் இடர் உண்டு. குறுக்குச் சுற்று ஏற்பட்டு, மிகையான மின்னோட்டத்தால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அவற்றைப் பிரிக்கும் வலிமை அந்தச் சிறு ஸ்பிரிங்குக்கு இராது.

ஆகவே, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நேரக்கூடிய இடங்களில், ஸ்பிரிங்கை நம்பாமல், நெம்புகோலின் தள்ளுவிசையே வளையாத உறுப்பொன்றின் வழியே சென்று தொடுமுனைகளைப் பிரிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஐ.இ.சி. 60947-5-1 என்னும் சர்வதேசத் தரம் இதனை நேரடித் திறப்பு என வரையறுக்கின்றது. வட்டத்தினுள் அம்பு வரைந்த குறி சுவிட்சின் மீது காணப்பட்டால், அது இவ்வகையைச் சேர்ந்தது என்று அறியலாம். ஆனால் சரியான சுவிட்சைத் தலைகீழான முறையில் பொருத்திவிட்டால் பயனில்லை. பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவை நோக்குக. கதவு மூடியிருக்கையில் குமிழை அழுத்துமாறும், திறக்கையில் விடுவிக்குமாறும் பொருத்தினால், சுற்றைத் துண்டிக்கும் பொறுப்பு மீண்டும் ஸ்பிரிங்கையே சாரும். மேலும், வேலையை விரைவாக முடிக்க விரும்பும் ஒருவர் குமிழை ஒரு கம்பித் துண்டால் கட்டிவிட்டு, கதவு திறந்திருக்கும்போதே இயந்திரத்தை ஓட்டலாம். இது தொழிற்கூடங்கள் அறியாத செய்தியன்று. கதவு திறக்கும்போது அதன் முனையே குமிழை உள்ளே தள்ள வேண்டும் என்பதே சரியான முறை.

பாரந்தூக்கிக்குத் திரும்புவோம். மேலெல்லையைக் காக்க இருவகைச் சுவிட்சுகள் வழக்கில் உள்ளன. முதல் வகை உருளையின் அச்சோடு பற்சக்கரத்தால் இணைக்கப்பட்டு, அதன் சுற்றுக்களைக் கணக்கிடுகின்றது. மேலெல்லை, கீழெல்லை இரண்டையும் இதில் அமைக்கலாம். ஆனால் இது கொக்கியை நேரில் அறிவதில்லை; உருளை எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே அறியும். வடத்தை மாற்றி, புதிய வடத்தின் நீளம் சற்றுக் குறைந்தால், சுவிட்சு எண்ணும் எல்லைக்கு முன்னரே கொக்கி உருளையை எட்டிவிடும். வடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் இதனைத் திரும்பச் சரிசெய்தல் இன்றியமையாதது.

இரண்டாவது வகையில் ஓர் எடை தொங்கவிடப்பட்டுள்ளது. அவ்வெடையின் இழுப்பால்தான் தொடுமுனைகள் மூடியிருக்கின்றன. மேலெழும் கப்பித் தொகுதி எடையைத் தூக்கியவுடன், மறுபுறமுள்ள எதிரெடை நெம்புகோலைத் திருப்பிச் சுற்றைத் துண்டிக்கின்றது. எடையைத் தாங்கும் சங்கிலி அறுந்தாலும் விளைவு அதுவே: பாரந்தூக்கி நின்றுவிடும். பழுதடையும்போது எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டே இத்தகைய கருவியை மதிப்பிட வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. மோட்டாரை மறுசுற்று செய்தபின், மும்முனை மின்கம்பிகளில் இரண்டு இடம் மாறிவிட்டால், ஏற்றும் பொத்தானை அழுத்தினால் கொக்கி இறங்கும். இறக்கும் பொத்தானை அழுத்தினால் ஏறும். மேலெல்லைச் சுவிட்சோ ஏற்றும் கான்டாக்டரின் சுற்றை மட்டுமே துண்டிக்கின்றது. கொக்கி இப்போது ஏறுவது இறக்கும் கான்டாக்டரின் வழியாக! சுவிட்சு சரியாக இயங்கியும் விபத்து நிகழும். இக்காரணத்தால், வழக்கமான எல்லைச் சுவிட்சுக்கு அப்பால், எத்திசையில் இயங்கினும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்கும் இறுதிச் சுவிட்சு ஒன்று தனியே அமைவது நல்லது.

சுவிட்சை எவ்விடத்தில் வைப்பது என்பது கணக்கைப் பொறுத்தது. நிமிடத்திற்கு 6 மீட்டர் வேகத்தில் ஏறும் கொக்கி, வினாடிக்கு 10 செ.மீ. நகர்கின்றது. கான்டாக்டர் விடுபட்டு பிரேக் பிடிக்க அரை வினாடி ஆகுமெனில், அதற்குள்ளேயே 5 செ.மீ. ஏறிவிடும். நிமிடத்திற்கு 60 மீட்டர் ஓடும் பாலமாயின் அதே நேரத்தில் 50 செ.மீ. கடக்கும். எனவே நெம்புகோலைத் தள்ளும் சரிவுக்கட்டை இயந்திரம் முற்றிலும் நிற்கும்வரை அதனை அழுத்திக்கொண்டே இருக்குமளவு நீளமாக இருக்க வேண்டும். கட்டை குட்டையாயின், நெம்புகோல் மறுபுறம் நழுவிப் பழைய நிலைக்குத் திரும்பும். சுற்று மீண்டும் மூடிக்கொள்ளும்.

மின் அளவுகளில் பலர் ஏமாறுவர். மேலுறையில் 10 ஆம்பியர் என்று பொறித்திருப்பது, வெப்பம் மிகாமல் தாங்கக்கூடிய மின்னோட்டம், துண்டிக்கக்கூடியதன்று. ஏ.300 வகைத் தொடுமுனை, கான்டாக்டர் சுருளைப் போன்ற சுமையை 240 வோல்ட் மாறுமின்சாரத்தில் 3 ஆம்பியர் அளவுக்கே துண்டிக்கும். நேர்மின்சாரத்தில் கியூ.300 வகைக்கு 250 வோல்ட்டில் 0.27 ஆம்பியர் மட்டுமே. 50 சுழற்சி மாறுமின்சாரம் வினாடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் மின்பொறி தானே அணைகின்றது, நேர்மின்சாரத்துக்கு அவ்வசதியில்லை. மாறாக, 24 வோல்ட்டில் சில மில்லியாம்பியரே செல்லும் பி.எல்.சி. சுற்றுகளில் வெள்ளி முனைகளின் மேற்படலம் எரிந்து நீங்குவதில்லை. அங்கே பொன்முலாம் பூசிய முனைகளே ஏற்றவை.

தூசு மிகுந்த சிமெண்டு ஆலைக்கு ஐ.பி. 65, நீர் தேங்கக்கூடிய இடத்திற்கு ஐ.பி. 67 என்று கொள்ளலாம். கேபிள் நுழையும் துளை கீழ்நோக்கி இருப்பது நலம். நிமிடத்திற்கு 10 முறை, நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் இயங்கும் சுவிட்சு ஓராண்டில் 14,40,000 முறை இயங்குகின்றது. ஒரு கோடி இயக்கம் தாங்கும் சுவிட்சு ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு வரும். அதுவும் இயக்க உறுப்புகளின் ஆயுளே. தொடுமுனைகளின் ஆயுள் சுமைக்கேற்பக் குறையும்.

பழுதான சுவிட்சுக்கு மாற்று வாங்குகையில், திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுவதுண்டு. வட்டத்துள் அம்புக்குறி உள்ளதா, தொடுமுனைகள் இயல்பில் மூடியவையா திறந்தவையா என்பவற்றையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். பொருத்திய பின்னும், ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும், பாரமில்லாத கொக்கியை மெதுவாக மேலேற்றி, சுவிட்சு நிறுத்துகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.