ஒலிபெருக்கிப் பெட்டி: தீவுப் பள்ளிகளுக்கேற்ற எளிய அமைப்பு முறை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தகரக் கூரையின்மேல் இம்மழை விழும்போது, சிறிய வானொலிப் பெட்டியின் குரல் கடைசி வரிசை மாணவருக்கு எட்டுவதில்லை. போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1963-ஆம் ஆண்டு தொடங்கிய வானொலி நிலையம் எவ்வளவு நன்றாக ஒலிபரப்பினும், கேட்கும் சாதனம் சரியில்லாவிடில் பயனில்லை. ஒலியைக் கூட்டுவது மட்டும் இதற்குப் பரிகாரமன்று. சொல்லை விளங்க வைக்கும் மெய்யெழுத்தொலிகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. அவை சிதையாமல் வெளிவர வேண்டும். இத்தகைய ஒலிபெருக்கியை ஆசிரியரும் மாணவரும் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

இன்று வழக்கிலுள்ள ஒலிபெருக்கியின் அமைப்பை 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் உள்ளது. அதில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது, அதனோடு ஒட்டப்பட்ட கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. கூம்பின் முன்புறம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்புறம் அதைத் தளர்த்துகிறது. இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்புற ஒலியை அடைத்து வைப்பதே பெட்டியின் முதற் பணி.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகளால் இது கணக்கிட்டு அறியத்தக்கதாயிற்று. தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் மூன்று எண்களைக் காண வேண்டும்: கூம்பின் இயற்கை அதிர்வெண், மொத்தத் தரக்காரணி, ஈடுகாற்றுக் கொள்ளளவு. கூம்பின் தாங்கிக்குள்ள அதே மீள்தன்மையைத் தரும் காற்றின் அளவே மூன்றாவது எண். ஓர் ஒலிபெருக்கிக்கு இவை முறையே 60 ஹெர்ட்ஸ், 0.5, 20 லிட்டர் எனக் கொள்வோம். அதை 20 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால், முதலிரண்டு எண்களும் 1.4 மடங்காகும். அதாவது அதிர்வெண் 85 ஹெர்ட்ஸ் ஆகவும், தரக்காரணி 0.7 ஆகவும் உயரும். 0.7-ஐ ஒட்டிய மதிப்பில் ஒலி சமனாக இருக்கும். மிக உயர்ந்தால் ஒரே சுருதியில் முழங்கும். உள்ளளவு 20, 27, 37 சென்டிமீட்டராக அமைந்த பெட்டி ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் உறுப்புகள் கப்பலில் வந்துசேரச் சுமார் மூன்று நாள் ஆகும். கப்பலுக்காகக் காத்திருக்கும் நாள்கள் தனி. எனவே கணக்கை முடித்த பின்னரே பொருள்களைத் தருவித்தல் நலம்.

பொருள்களைத் தேர்வதில் தீவின் ஈரக் காற்றைக் கருத வேண்டும். சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் நிறுவப்பட்ட நாள் தொட்டுப் புகழ்பெற்ற படாக் மரம் அழகியதே. எனினும், எந்தத் தனிப்பலகையும் ஈரத்தில் விரிந்து, உலர்ந்தால் சுருங்கும். இணைப்பு விரிசல் கண்டால் காற்று கசியும். மரத்தூள் அட்டையோ நீர் பட்டால் ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மில்லிமீட்டர் கடல்தர ஒட்டுப்பலகை இதற்கு ஏற்றது. வெட்டிய விளிம்புகளில் வார்னிஷ் பூசுதல் அவசியம். காகிதக் கூம்பினும் பாலிபுரொப்பிலீன் கூம்பும், நுரை விளிம்பினும் ரப்பர் விளிம்பும் நெடுநாள் உழைக்கும்.

தொடக்கத்தில் ஒரே முழுவீச்சு ஒலிபெருக்கி போதும். உயர் ஒலிக்கெனத் தனிச் சிற்றொலிபெருக்கி சேர்ப்பதாயின், 8 ஓம் உறுப்புக்கு 4.7 மைக்ரோஃபாரடு அளவுள்ள, முனைப்பற்ற மின்தேக்கியைத் தொடராக இணைக்கலாம். அது சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளைப் படிப்படியாகக் குறைக்கும்.

முடித்தபின் இரு சோதனைகள் செய்க. கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தி விட்டால், அது நிதானமாகத் திரும்ப வேண்டும். சட்டெனத் திரும்பினால் எங்கோ கசிவுள்ளது. அடுத்து, 1.5 வோல்ட் டார்ச் பாட்டரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொடுக. கூம்பு முன்னோக்கி வர வேண்டும். இரு பெட்டிகளை வைக்குமிடத்தில் ஒன்று முன்னும் மற்றது பின்னும் சென்றால் தாழ்ந்த ஒலி தேய்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளின் தகவல் தொடர்புகளைச் சிதைத்தது. பள்ளியில் அமைத்த பெட்டி அரசின் எச்சரிக்கைச் சங்குக்கு ஈடாகாது. ஆனால் வானொலியில் வரும் அறிவிப்பை மழையிரைச்சலிலும் ஐயமின்றிக் கேட்க அது உதவும். மின்கலத்தால் இயங்கும் பெருக்கியுடன் அதை இணைத்து, மாதம் ஒருமுறை இயக்கிப் பார்த்து, முனைகளில் படியும் உப்புத் துருவைத் துடைத்து வைத்தல் வேண்டும்.