21 வேணுமா, வேண்டாமா?

போன பிப்ரவரியில ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல அக்கா மகள் வாட்ஸ்அப்ல கூப்பிட்டாள். வட இத்தாலியில ஒரு பல்கலைக்கழகத்துல முதுகலை முதல் வருஷம் படிக்கிறாள். எடுத்ததும், "மாமா, 21 போடட்டுமான்னு கேக்குறாரு. வேணுமா வேண்டாமான்னு இப்பவே சொல்லணும். ரெண்டு நிமிஷம் டைம் வாங்கிட்டு வெளிய வந்திருக்கேன்" என்றாள்.

எனக்கு ஒண்ணும் புரியல. பாஸா ஃபெயிலான்னு கேட்டேன். பாஸ்தான் என்றாள். "அப்புறம் என்ன, வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அரியர் பயத்திலேயே பி.இ. முடித்தவனுக்கு வேறு என்ன சொல்லத் தோணும்? மார்க்கை வேண்டாம்னு சொல்ல முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

இத்தாலியில் ஒவ்வொரு பாடத்துக்கும் 30-க்கு மார்க். 18 எடுத்தால் பாஸ். பிரமாதமாகச் செய்தால் 30-உடன் 'லோதே' என்று ஒரு பாராட்டும் சேரும். பட்டத்துக்கு மட்டும் 110. இது என்ன கணக்கு என்று மண்டையைக் குடைந்தது. விடை 1938-ஆம் வருஷத்து அரசாணை ஒன்றில் இருக்கிறது. பாடத் தேர்வுக்கு மூன்று தேர்வாளர்கள், பட்டத் தேர்வுக்குப் பதினோரு பேர், ஆளுக்குப் பத்து மார்க். அவ்வளவுதான்! இன்றைக்குப் பல இடங்களில் பதினோரு பேர் உட்காருவதில்லை, ஆனால் 110 அப்படியே நிற்கிறது. பழைய கோடில் யாரோ எழுதி வைத்த மாறிலியை யாரும் தொட மாட்டார்களே, அந்த மாதிரி.

தேர்வு நிறைய பாடங்களில் வாய்மொழிதான். நம்ம ஊர் வைவா மாதிரி லேப் மூலையில் ஐந்து நிமிஷம் நடக்கிற சமாச்சாரம் இல்லை. எல்லாரும் பார்க்க, பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேள்விகளைக் குறித்துக்கொள்வார்கள், அடுத்த தடவை உதவுமே. சில பேராசிரியர்கள் முதல் கேள்வியை நம்மிடமே விட்டுவிடுவார்கள்: "உனக்குப் பிடித்த தலைப்பில் ஆரம்பி." இங்கேதான் இவள் சறுக்கினாள். பாடத்திலேயே கஷ்டமான தலைப்பை எடுத்தால் மதிப்பு கூடும் என்று நினைத்து அதையே எடுத்திருக்கிறாள். இத்தாலிய மாணவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய தலைப்பைத்தான் எடுப்பார்கள்.

மார்க் பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம், அடுத்த தேதியில் மறுபடி வரலாம். குளிர்காலம், ஜூன்-ஜூலை, செப்டம்பர் என்று வருஷத்தில் பல தேதிகள் உண்டு. ஆனால் ஒத்துக்கொண்டு பதிவாகிவிட்டால் அந்தப் பாடத்தை மறுபடி எழுத முடியாது. அது எனக்குத் தெரியாது. தெரியாமலே "வாங்கிக்கோ" என்றேன்.

அன்றைக்கே அவளோடு படிக்கும் இத்தாலியப் பையன் ஒருவன் 23-ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறான். விதி ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அவனுக்கு பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ தேவையில்லை. வெளிநாட்டு மாணவர் வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் இந்தத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் ஆபீஸில் ஒரு கவர் தருவார்கள், 16 யூரோ ஸ்டாம்ப் ஒட்டி அங்கேயே கொடுக்க வேண்டும். அப்புறம் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை. அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை ரசீதுதான் ஆதாரம். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் முதல் வருஷத்தில் குறைந்தது ஒரு தேர்விலாவது தேறியிருக்க வேண்டும், அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு. உதவித்தொகைக்குத் தனிக் கணக்கு: குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட கிரெடிட் சேராவிட்டால் அடுத்த தவணை வராது, வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். இதையெல்லாம் அவள் கதவுக்கு வெளியே நின்ற ரெண்டு நிமிஷத்தில் யோசித்திருக்கிறாள். நான் யோசித்தது என் அரியரைப் பற்றி.

இதில் எனக்கு ஆச்சரியம், இதே நாட்டில்தான் வெளியூர் மாணவர்கள் ஒரு காலத்தில் வாத்தியார்களையே ஆட்டிப் படைத்தார்கள். பொலோன்யா பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். (அந்த வருஷம், 1888-ல் 800-ஆவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காகக் கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு முடிவு செய்தது!) அங்கே சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்தவர்களுக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடையாது. ஒரு ஜெர்மானியன் கடன் வாங்கி ஓடிப்போனால் இன்னொரு ஜெர்மானியனைப் பிடித்து வசூலிக்கலாம். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பார்பரோஸா ஓர் ஆணை போட்டு மாணவர்கள் விஷயத்தில் அதைத் தடுத்தார். மாணவர்களும் சங்கமாகச் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சங்கத்தின் பெயர்தான் 'யூனிவர்சிதாஸ்'. வாத்தியாரை நியமித்தது அவர்கள். தாமதமாக வந்தால், கஷ்டமான பகுதியைத் தாண்டிப் போனால் அபராதம். இப்போது என்னடாவென்றால், வகுப்பு கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்குவதே மரபாகி அதற்கு 'அகாடமிக் கால் மணி' என்று பெயரே இருக்கிறது.

21-ஆல் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீசிஸ் நீங்கலாக 90 கிரெடிட், அதில் இந்தப் பாடம் 6. மற்றதெல்லாம் 27 வந்தால் சராசரி 26.6. அதை 110-க்கு மாற்றினால் 97.5. இந்தப் பாடத்திலும் 27 வந்திருந்தால் 99. ஆக, ஒன்றரை மார்க். இதை ஆறுதலாக நினைத்து அவளுக்கு அனுப்பினேன். "நானும் போட்டேன் மாமா, அன்னைக்கே" என்று பதில் வந்தது.

ஜூனில் மூன்று பாடம் எழுதினாள். ஒன்றில் 22 வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் போன் செய்யவில்லை. செப்டம்பரில் அதே பாடத்தில் 26. பழைய 21-க்கு வீட்டில் 'மாமா மார்க்' என்று பேர் வைத்திருக்கிறாள், அக்காவும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.