திரையில் கண்டதும் ஏட்டில் எழுதியதும்

1990-களின் நடுப்பகுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தின் சூடு இன்னும் தணியாதிருந்த கலிபோர்னியா மாகாணத்தில், லாங் பீச் நகரத்து உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியில் எரின் குரூவெல் என்ற இளம் ஆங்கில ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கறுப்பினப் பையன் ஒருவனைப் பெருத்த உதடுகளோடு கேலியாக வரைந்த காகிதத் துண்டு ஒன்று, கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவர் கையிலேயே வந்து சேர்ந்தது. நாஜிகளும் யூதர்களை இப்படித்தான் வரைந்தார்கள் என்று அவர் கோபத்தோடு சொன்னார்; ஆனால் நாஜிகள் நடத்திய அந்த இனப்படுகொலையைப் பற்றி அவ்வகுப்பில் எவரும் கேள்விப்பட்டதே இல்லை. 'உங்களில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டபோதோ, ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அத்தகைய பிள்ளைகளுக்கு, சமத்துவம் இன்னது, பிரஜையின் உரிமை இன்னது என்று பாடபுத்தகத்திலிருந்து உபதேசித்தால் என்ன பயன் விளையும்? ஆன் பிராங்கின் நாட்குறிப்பையும், சரயேவோ நகரில் குண்டு மழைக்கு நடுவே ஸ்லாட்டா என்ற சிறுமி எழுதிய நாட்குறிப்பையும் குரூவெல் அவர்கள் கையில் கொடுத்தார்; புத்தகம் வாங்கப் பணம் போதாமையால் வேறு வேலைகளும் பார்த்தார். தம் வயதையொத்தவர்கள் எழுதிய அந்த ஏடுகளைப் படித்த மாணவர்கள், பிறகு தாங்களே நோட்டுப் புத்தகம் எடுத்து, தெருச் சண்டையையும், குடிகாரத் தகப்பனையும், இழந்த தோழனையும் எழுதத் தொடங்கினார்கள்.

அந்நிலையில்தான் வகுப்பறையில் ஓர் ஆவணப் படம் காட்டப்பட்டது. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் பேருந்துகளிலும் அவற்றின் நிலையங்களிலும் நிறபேதம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும் தென் மாகாணங்களில் அது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்ததைக் கண்டு, அந்தச் சட்டம் நடைமுறையில் உண்டா இல்லையா என்று பார்த்தேவிடுவதென 1961 மே 4-ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து இரண்டு பேருந்துகளில் கறுப்பரும் வெள்ளையருமாகப் பதின்மூன்று பேர் ஒன்றாகப் புறப்பட்டார்களே, 'ஃப்ரீடம் ரைடர்ஸ்', அவர்களைப் பற்றியது அந்தப் படம். அலபாமாவில் அனிஸ்டன் ஊருக்கு அருகே ஒரு பேருந்து தீக்கிரையாயிற்று. பயணம் அதோடு நின்றுபோகும் என்று எல்லோரும் எண்ணியபோது, நாஷ்வில் நகரத்துக் கல்லூரி மாணவர்கள், அவர்களில் சிலர் உயிலே எழுதிவைத்துவிட்டு, அதைத் தொடரப் புறப்பட்டார்கள். (அவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், நாகபுரியில் சில ஆண்டுகள் தங்கிக் காந்தியடிகளின் மார்க்கத்தைக் கற்றுச் சென்றவர் என்பது நம் நாட்டார் பலர் அறியாத செய்தி.) மாண்ட்கமரி நிலையத்தில் ஜிம் ஸ்வெர்க் என்ற வெள்ளை மாணவர் முதலாவதாகக் கீழே இறங்கினார், காத்திருந்த கூட்டம் அவரை நினைவிழக்கும்வரை அடித்து நொறுக்கியது. மத்திய அரசின் கட்டளை பிறந்து, 1961 நவம்பர் முதல் தேதியன்று நிலையங்களில் நிறபேத அறிவிப்புப் பலகைகள் சட்டப்படி செல்லாதவையாயின.

தன் நிறத்தவனுக்காகவே உயிரைக் கொடுக்கும் கும்பல் தர்மத்தில் ஊறிய பிள்ளைகள், தனக்குச் சம்பந்தமில்லாத நிறத்தவனுக்காக ஒருவன் அடிபடுவதைத் திரையில் பார்த்தார்கள். இதுவே கற்பனைக் கதையாயிருந்தால் கண்ணீரோடு மறந்திருப்பார்கள்; இதுவோ நடந்த காரியம், செய்தவர்களும் மாணவர்கள். ஆனாலும் படம் மட்டும் போதுமென்று நான் நினைக்கவில்லை. படம் எவ்வளவு சத்தியமானதாயினும், பார்க்கிறவனை அது பார்வையாளனாகவே விட்டுவிடக்கூடும். மறுநாள் வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்து, 'அந்தப் பேருந்தில் நான் ஏறியிருப்பேனா?' என்று தன்னைத்தானே கேட்டு, பொய் சொல்லாமல் ஒரு வாக்கியம் எழுதவேண்டிய கட்டாயம் நேரும்போதுதான் அவன் தன் ஆசனத்தைவிட்டு எழுந்திருக்கிறான். லாங் பீச் மாணவர்கள் தங்களுக்கு 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'ரைடர்ஸ்' என்பதற்கும் 'ரைட்டர்ஸ்' என்பதற்கும் உள்ள பேதம் தமிழில் ஓர் ஒற்றெழுத்துதான்.

இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. பிள்ளைகளின் துயரத்தைச் சபைக்குக் கொண்டுவந்து காட்டிப் பாராட்டுப் பெற விரும்பும் பெரியவர்கள் எங்கும் இருக்கிறார்கள். குரூவெல் வகுப்பார் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள்: ஒவ்வொரு குறிப்புக்கும் எழுதியவர் பெயருக்குப் பதில் ஓர் எண். நூற்றைம்பது மாணவர்களின் அந்த ஏடுகள் 1999-இல் புத்தகமாக வெளிவந்தபோதும் எண்களே நின்றன. 2007-இல் ஹாலிவுட்காரர்கள் இதைக் கதைப்படமாக்கினார்கள். 2019-இல் அந்த மாணவர்களைப் பற்றியே ஓர் ஆவணப் படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. திரையைப் பார்த்து எழுதியவர்கள் தாமே திரையில் தோன்றினார்கள்.

புத்தகத்துக்கு வரவேற்பு மட்டுமே கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. 2008-இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில், நிர்வாகக் குழுவின் அனுமதியின்றி அதை வகுப்பில் படிக்கக் கொடுத்த ஆசிரியை ஒருவர் ஒன்றரை ஆண்டு சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார். அதிலுள்ள கொச்சைச் சொற்கள் மாணவர் வாசிக்கத் தகாதவை என்பது ஆட்சேபம். அந்தச் சொற்களை எழுதியவர்களும் பள்ளி மாணவர்கள்தாம்.