சிறுமூளையின் பெரும் பணி

காண்பது வேறு, செய்வது வேறு என்று பிரித்துப் பேசுவது மக்களின் வழக்கம். கண்ணும் செவியும் செய்தி கொணர்கின்றன, மனம் தீர்மானிக்கிறது, கைகால்கள் ஏவிய வேலையைச் செய்கின்றன என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் போதாதென்பதை, தலையின் பின்புறத்தில் பெருமூளைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் சிறுமூளை நமக்கு உணர்த்துகிறது.

வாசகர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். இப்பத்திரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாக விரைவாக ஆட்டினால் எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். தலையை அசைக்காமல் பத்திரிகையை அதே வேகத்தில் ஆட்டினாலோ எழுத்துக்கள் கலங்கிப் போகும். முதலாவதில், தலையின் அசைவை உட்செவி உணர்ந்த அக்கணமே கண்கள் எதிர்த்திசையில் அதே அளவு திரும்பிவிடுகின்றன. இந்தக் கணக்கு பிசகாதபடி அவ்வப்போது திருத்தி வைப்பது சிறுமூளையே.

பெயரில்தான் அது சிறிது. மூளையின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அதற்குரியது. ஆயினும், 2009-ம் வருஷத்தில் வெளியான ஒரு கணக்கின்படி, மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி அதனுள் அடங்கியிருக்கின்றன.

1824-ம் வருஷத்தில் பிரெஞ்சு அறிஞர் புளோரான்ஸ், சிறுமூளை நீக்கப்பட்ட புறாக்கள் அசைய வல்லவையாயினும் அசைவுகளை ஒழுங்குபடுத்த இயலாமற் போயின என்று எழுதினார். முதல் உலக யுத்தத்தில் சிறுமூளையில் குண்டடி பட்ட போர்வீரர்களைக் கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். காயம்பட்ட பக்கத்துக் கையின் ஒவ்வோர் அசைவையும் தாம் எண்ணி எண்ணியே செய்ய வேண்டியிருப்பதாக அவருடைய நோயாளி ஒருவர் கூறினார். நாம் எண்ணாமலே செய்யும் காரியங்களுக்குப் பின்னால் எத்துணைக் கணக்கு நடைபெறுகிறதென்பது இதனால் விளங்கும்.

அக்கணக்கு யாது? கையை நீட்டினால் என்ன தெரியும், எதனை உணர்வோம் என்பதை முன்கூட்டியே மதித்து, பின் வரும் புலனுணர்வோடு அதனை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டு திருத்துவதே அது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லையன்றோ? சொந்தக் கையின் தொடுகையைச் சிறுமூளை முன்னறிந்துவிடுவதால் அவ்வுணர்வு மழுங்குகிறதென்று 1998-ம் வருஷத்தில் லண்டன் ஆராய்ச்சியாளர் விளக்கினர். காட்சியை ஒருபுறமாக விலக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து குறிபார்த்து எறிபவர் முதலில் தவறுவார். பலமுறை எறிந்தபின் குறி தப்பார். சிறுமூளை பழுதுற்றோரில் பலருக்கு இத்திருத்தம் கைகூடவில்லை என்பது 1996-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி முடிவு. அவர்கள் பிழையைக் காணாமலில்லை. கண்ட பிழை கைக்குப் பாடமாவதில்லை.

இவை ஏட்டளவில் நிற்கும் செய்திகள் அல்ல. சிறுமூளை பழுதுற்றவரின் நடை தள்ளாடும், பேச்சு குழறும். மதுவும் அவ்வுறுப்பையே தாக்குவதால், நோயாளிக்கும் குடியருக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை காண்பது அரிது. பரம்பரையாக இந்நோய் வாய்த்த எத்தனையோ பேர், ஒரு துளி மதுவும் அருந்தாமலே தெருவில் ஏளனத்துக்கு ஆளாகின்றனர். இது பெருங் கொடுமை.

கொடுமையோடு ஆபத்தும் உண்டு. சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் திடீரென்று தலை சுற்றும், கால் தடுமாறும், வாந்தி வரும். கைகால் விழாததால், ‘பித்த மயக்கம்’ என்று சொல்லி இஞ்சிச் சாற்றோடு படுக்க வைத்துவிடுவோர் நம்மிடையே உளர். கட்டியைக் கரைக்கும் மருந்தோ, நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள், தகுதியுள்ளவர்க்குக் கொடுக்கப்பட வேண்டியது. வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் நோயாளிக்கு நஷ்டமே.

ஆகவே, தள்ளாடி வருவோரைக் கண்டால் நகைப்பதற்கு முன் நின்று விசாரிக்க வேண்டும். தடுமாற்றம் திடீரென வந்ததாயின் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிறுமூளை நமக்குச் செய்யும் தொண்டு ஓசையற்றது. அதனை இழந்தோர்க்கு நாம் செய்யத்தக்க தொண்டு இதுவே.