மூவரிசைக் குடும்ப வாகனமும் எரிபொருட் சிக்கனமும்



தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரிலே மோட்டார் வாகனத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் வாசலில் நாம் காணும் காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஐவருக்கென அமைந்த கார் ஒன்றினுள் எழுவர் ஏறுகின்றனர். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியாரின் மடியில் ஒரு பிள்ளை. முன்னிருக்கையில் தாயாரின் மடியில் இன்னொரு பிள்ளை. எல்லோரும் சிரித்தபடி கையசைத்துச் செல்கின்றனர். நாமும் கையசைக்கிறோம். ஆனால் நெஞ்சு பதைக்கிறது.

"ஏழு பேர் அமரும் வாகனம் வாங்கலாந்தான் மாஸ்ரர், பெற்றோல் குடித்தே எங்களை முடித்துவிடுமே" என்று தந்தையர் கூறுவதுண்டு. அந்த அச்சம் எந்த அளவிற்கு உண்மை, எந்த அளவிற்கு வீண் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிபொருளின் அருமை

எரிபொருளின் அருமையை நாம் நூலிற் கற்கவில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலான பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி நகரும். அந்தச் சில துளிகளை மருந்துப் போத்தலில் அடைத்துப் பொன்போற் காத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு வளர்ந்த நாம் பெற்றோல் விளையும் தேசத்திற்கு வந்த பின்னர் செய்த பிழையையும் ஒளிக்காமற் கூறவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், விலை மலிவென்று பழைய, ஆறு உருளை இயந்திரங் கொண்ட பெரிய ஏழிருக்கை வாகனம் ஒன்றை வாங்கினோம். அது லீற்றருக்கு 6 கிலோமீற்றரே ஓடியது. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓட்டத்திற்கு 250 லீற்றர் தேவைப்பட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2015 ஓகஸ்ட் முதல் எரிபொருள் விலை உலகச் சந்தையை ஒட்டி மாதந்தோறும் நிர்ணயிக்கப்படுகிறது. அம்மாதம் ஸ்பெசல் 95 பெற்றோல் லீற்றர் 2.14 திர்ஹம். 2022 யூலையில் அதுவே 4.52 திர்ஹம் ஆயிற்று. அம்மாதம் எமது பெற்றோற் செலவு 1,130 திர்ஹம். ஊரிலுள்ள தாயாரின் மருந்துக்கு அனுப்பும் பணத்தை அம்மாதம் பாதியாகக் குறைத்தோம். புகைபோக்கி வழியே போனது வெறும் புகையன்று என்பதை அன்றே உணர்ந்தோம்.

முதற் கேள்வி: உண்மையிலேயே தேவையா?

வாகனம் வாங்குமுன் ஒரு தாளை எடுத்து, சென்ற ஆண்டில் ஐவருக்கு மேல் ஒன்றாகப் பயணஞ் செய்த நாட்களை எழுதுங்கள். கராமாவில் வசிப்போர்க்கு மெட்ரோ நிலையங்கள் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன; புர்ஜுமானில் சிவப்பு, பச்சை ஆகிய இரு வழிகளும் சந்திக்கின்றன. பாட்டனார், பாட்டியார் வரும் ஒரு மாதத்திற்கும், அல் அயினுக்கோ ஹத்தாவிற்கோ செல்லும் இரண்டொரு நாட்களுக்கும் மட்டுமே ஏழிருக்கை தேவையெனில், அந்நாட்களில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். மூன்று பிள்ளைகளும் முதியோரும் என்றும் உடனிருக்கும் குடும்பத்திற்கு மூன்றாம் வரிசை ஆடம்பரமன்று, அவசியமாகும்.

மடி என்பது இருக்கையன்று. இந்நாட்டில் 2017 யூலை முதல் வாகனத்தில் இருப்போர் அனைவரும் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயம். நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தனியான குழந்தை இருக்கை வேண்டும். பத்து வயதிற்குட்பட்டோரோ 145 சென்ரிமீற்றர் உயரத்திற்குக் குறைந்தோரோ முன்னிருக்கையில் அமர்தல் ஆகாது. தண்டம் 400 திர்ஹம். ஆனால் தண்டப்பணத்தை விட மேலான காரணம் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினாலும், மடியிலிருக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தத் தாயின் கைகளுக்கும் இல்லை.

கணக்கைச் செய்து பார்ப்போம்

மாணவர்களே, இப்பகுதி உங்களுக்குரியது. ஒரு வாகனம் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடுகிறது. இன்னொன்று 8 ஓடுகிறது. வேறிரு வாகனங்கள் முறையே 12, 14 ஓடுகின்றன. இரு சோடிகளிலும் வேறுபாடு 2 தான். ஆகவே மிச்சமும் ஒன்றுதானா?

ஆண்டிற்கு 20,000 கிலோமீற்றர் என்று கொள்வோம். முதற் சோடிக்குத் தேவைப்படுவது 3,333 லீற்றரும் 2,500 லீற்றரும். மிச்சம் 833 லீற்றர். இரண்டாஞ் சோடிக்கு 1,667 லீற்றரும் 1,429 லீற்றரும். மிச்சம் 238 லீற்றர் மட்டுமே. லீற்றர் 3 திர்ஹம் எனில் முதலாவதில் ஏறத்தாழ 2,500 திர்ஹம் மிஞ்சும். இரண்டாவதில் 714 திர்ஹம். எனவே மிகுதியாகக் குடிக்கும் வாகனத்தைக் கைவிடுவதிலேயே பேரிலாபம் உண்டு. ஏற்கெனவே சிக்கனமான வாகனத்தை மாற்றி இன்னுஞ் சற்றுச் சிக்கனமானதை வாங்குவதில் இலாபஞ் சிறிது. ஐரோப்பியர் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று தலைகீழாக அளப்பதும் இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

உங்கள் வாகனத்தின் உண்மை அளவை நீங்களே காணலாம். தாங்கியை நிரப்பி, ஓடிய தூரங் காட்டும் மானியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது மீண்டுங் குறியுங்கள். 450 கிலோமீற்றர் ஓடி 40 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 11.25 கிலோமீற்றர். மூன்று முறை இவ்வாறு அளந்து சராசரி காணுங்கள்.

எதனால் எரிபொருள் கூடுகிறது?

முதற் காரணம் நிறை. சுசுகி எர்ட்டிகா போன்ற சிறிய ஏழிருக்கை வாகனம் நாலரை மீற்றருக்குக் குறைந்த நீளமும் 1,200 கிலோகிராமுக்கு அண்மித்த நிறையும் உடையது, இயந்திரம் 1.5 லீற்றர். லாண்ட் குறூசரோ 2,300 கிலோகிராமுக்கு மேற்பட்டது. இரண்டிலும் ஏழுபேர் அமரலாம். ஆனால் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று புறப்படுகையில், பின்னையதில் இரு மடங்கு இரும்பை அசைக்க வேண்டியிருக்கிறது. கராமாவில் தரிப்பிடந் தேடி மூன்று சுற்றுச் சுற்றுபவர்க்கு நீளங் குறைந்த வண்டியின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது காற்றின் தடை. அது வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். 100 இலிருந்து 120 கிலோமீற்றருக்கு ஏறினால், வேகம் ஐந்திலொரு பங்கே கூடுகிறது. காற்றுத் தடையோ 44 வீதம் கூடுகிறது. கூரைமேற் பொதி கட்டினால் இன்னுங் கூடும்.

மூன்றாவது குளிரூட்டி. அதன் அமுக்கியைச் சுழற்றுவதும் இயந்திரமே. மூவரிசை வாகனத்திற் குளிரூட்ட வேண்டிய வெளி அதிகம். நிழலில் நிறுத்துதலும், புறப்பட்டவுடன் சன்னல்களைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றுதலும், பின்னர் உட்காற்றையே சுழலவிடுதலும் சுமையைக் குறைக்கும்.

கலப்பின வாகனங்கள்

பெற்றோல் இயந்திரத்தோடு மின் மோட்டாரும் மின்கலமுங் கொண்டவை கலப்பின வாகனங்கள். தடை பிடிக்கையில் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை இவை மின்னாகச் சேமித்து, மீளப் புறப்படுகையிற் பயன்படுத்துகின்றன. ஆதலால் சார்ஜாவிற்கும் டுபாய்க்கும் இடையே ஊர்ந்து செல்வோர்க்கு இவற்றாற் பயன் அதிகம். டுபாயின் வாடகைக் கார்கள் பல இன்று இவ்வகையினவே.

மூவரிசை வாகனங்களிலும் இவ்வகை உண்டு. ரொயோட்டா ஹைலாண்டரின் 2021ஆம் ஆண்டு உருவில், ஆறு உருளைப் பெற்றோல் வகை அமெரிக்க அரசின் அளவீட்டில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். கலப்பின வகை ஏறத்தாழ 15. இந்தியாவில் 2022இன் இறுதியில் அறிமுகமான இனோவா ஹைகுரொஸ் கலப்பினத்திற்கு அங்குள்ள சோதனை அளவு 23.24. சோதனை முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடலாகாது. சோதனைக்கூட எண்ணை இவ்வூர் வெயிலில் எதிர்பார்த்தலுந் தவறு.

கலப்பினத்திற்கு 15,000 திர்ஹம் கூடுதலாகக் கேட்டால் என்ன செய்வது? 20,000 கிலோமீற்றர் ஓட்டத்தில் 10 ஓடும் வாகனத்திற்கு 2,000 லீற்றரும், 15 ஓடுவதற்கு 1,333 லீற்றரும் வேண்டும். 3 திர்ஹம் வீதம் ஆண்டு மிச்சம் 2,000 திர்ஹம். கொடுத்த பணம் மீள ஏழரை ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடி ஆண்டிற்கு 40,000 கிலோமீற்றர் சேர்ப்பவர்க்கு நான்கு ஆண்டுகளுக்குள் மீளும். ஒருவருக்கு நல்லது மற்றவருக்கும் நல்லதாக வேண்டுமென்பதில்லை. முழுமையான மின் வாகனங்களைப் பொறுத்தவரை, கராமாவின் பழைய அடுக்குமாடிகளிற் குடியிருப்போர் மின்னேற்ற இடமுண்டா என்பதை முதலிற் பார்க்கவேண்டும்.

வாங்குமுன் மூன்றாம் வரிசையில் அமருங்கள்

விற்பனையாளர் உங்களைச் சாரதி ஆசனத்திலேயே அமர்த்துவார். நீங்கள் பின்னாற் சென்று கடைசி வரிசையில் கால்மணி நேரம் அமருங்கள். முழங்கால் இடிக்கின்றதா? தலையணை உயர்ந்து நிற்கின்றதா? மூன்று முனைப் பட்டி உண்டா? மேலே குளிர்காற்றுத் துவாரம் உண்டா? காற்றுப் பை அவ்வரிசை வரை நீள்கின்றதா? நடுவரிசையிற் குழந்தை இருக்கை பூட்டியிருக்கும்போதும் பின்னாற் செல்ல வழியுண்டா? ஏழுபேரும் அமர்ந்தபின் ஒரு பயணப் பெட்டியாவது வைக்க இடமுண்டா?

சிக்கனம் ஒன்றையே நோக்கிப் பாதுகாப்பை மறத்தலாகாது. மேற்கூறிய எர்ட்டிகா சிக்கனத்திற்குப் பெயர்பெற்றது; ஆயினும் குளோபல் என்கேப் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு மோதற் சோதனையில் பெரியோர் பாதுகாப்பிற்கு ஒரு நட்சத்திரமே பெற்றது. உருவுக்கு உருவு, சந்தைக்குச் சந்தை மதிப்பீடு மாறும். நீங்கள் வாங்கும் உருவின் மதிப்பீட்டைத் தேடிப் படித்த பின்னரே முற்பணங் கொடுங்கள்.

பழைய வாகனம் வாங்குவோர் அது வளைகுடா நாடுகளுக்கெனச் செய்யப்பட்டதா என்று கேட்டறிக. வேற்று நாட்டில் விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியவை வண்ணம் பூசப்பெற்று இங்கு விற்பனைக்கு வருவதுண்டு. நாம் வாங்கியதும் அத்தகையதே என்பதைப் பின்னரே அறிந்தோம். கோடையில் வெப்பமானி ஏறாத நாளில்லை. ஒரு சிறு தொகை கொடுத்து முழுப் பரிசோதனை செய்திருந்தால் அப்பெரு நட்டம் வந்திராது.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 எனில் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரயர் இங்கே ஏற்கப்படுவதில்லை. மாணவர்களே, இன்றே உங்கள் வீட்டு வாகனத்தில் இதைப் படித்துத் தந்தையாருக்குச் சொல்லுங்கள். ரயரிற் காற்றுக் குறைந்தாலும் எரிபொருள் கூடும். காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்கவேண்டும். மூடியில் 91 அல்லது 95 போதும் என்று எழுதியிருந்தால், 98 நிரப்புவதாற் கூடுதல் தூரங் கிடைப்பதில்லை.

அளவறிந்து ஏற்றுதல்

மென்மையான மயிலிறகே ஆயினும் மிதமிஞ்சிச் சுமத்தினால் வண்டி தாங்காது என்னும் உண்மையை வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தியிருக்கிறார். முல்கியாவில் ஏழு இருக்கை என்றிருந்தால் ஏழுபேரே. எட்டாவது ஆள் மயிலிறகுபோல் மெலிந்த சிறுவனாயினும் அவனுக்கு அங்கே பட்டியில்லை.

முடிவாக ஒன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த அந்த இரவில், நாம் பள்ளிச் சிறுவனாக உழவு இயந்திரப் பெட்டியொன்றில் மூட்டைகளோடு அமர்ந்திருந்தோம். இருட்டில் வண்டி நின்ற போதெல்லாம் எமது தாயார் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். அன்று எமக்கு இருக்கையுமில்லை, தெரிவுமில்லை. இன்று உங்களுக்குத் தெரிவு உண்டு.

மூவரிசை வாகனத்தில் கடைசி வரிசையிலே உறங்கும் பிள்ளை முன்னிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இந்நாட்டுக் கோடையில், பூட்டிய வாகனத்தினுள் சில நிமிடங்களே உயிரைப் பறிக்கப் போதும். ஆகவே ஏறும்போதும் எண்ணுங்கள், இறங்கும்போதும் எண்ணுங்கள். பெற்றோலை எண்ணிச் செலவிடுவோம். பிள்ளைகளை எண்ணிக் காப்போம்.