ஆசனம் காட்டுபவரும் ஆசானும்

மணக்குள விநாயகரை வணங்கிவிட்டுக் கடற்கரைச் சாலையில் காலாற நடக்கும் புதுவை முதியோரின் பேச்சில் இன்று யோகாசனமும் இடம்பெறுகிறது. முழங்கால் வலிக்கு ஆசனம் செய்யலாமா, இரத்த அழுத்தத்திற்கு எந்த மூச்சுப் பயிற்சி நல்லது என்பன போன்ற வினாக்கள் எழுகின்றன. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. யாரிடம் கற்பது என்பதே அது.

கோயிலில் பூஜை செய்பவரை எந்த மரபில் வந்தவர், எவரிடம் வேதம் பயின்றவர் என்று கேட்டறிவது நம் வழக்கம். உடம்பையும் மூச்சையும் ஒருவரிடம் ஒப்படைக்கும்போதும் அந்த விசாரணை தேவையன்றோ? ஆசிரியர் எங்கிருந்து வந்தார், எவரிடம் கற்றார், எதை முதலில் கற்பிக்கிறார் என்பவற்றை அறிந்தால் அவருடைய தகுதி விளங்கிவிடும். இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. புதுவையிலேயே உயர்ந்த உதாரணங்கள் இருக்கின்றன.

சித்தர் உலவிய மண்

பதஞ்சலி முனிவர் வியாக்கிரபாதரோடு நடராஜப் பெருமானின் ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டு களித்த தில்லை, புதுவைக்குத் தொலைவில் இல்லை. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் முதல் இரண்டு அங்கங்கள். ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகளின் பொருள் தெளிவாகும்.

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயிலும், தட்டாஞ்சாவடியில் கம்பளி ஞானதேசிக சுவாமிகளின் மடமும் புதுவை மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபடும் இடங்கள். விளம்பரமின்றி, தேடி வந்த சிலருக்கு மட்டும் நெறி காட்டிய மகான்கள் இவர்கள்.

விலகி நின்ற குரு

1910 ஏப்ரல் 4 அன்று ஸ்ரீ அரவிந்தர் புதுவை வந்து சேர்ந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1908 சனவரியில், பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் மராட்டிய யோகியிடம் அவர் தியானம் பயின்றார். மூன்றே நாட்களில் அவருடைய மனம் எண்ணங்கள் ஓய்ந்த பேரமைதியை அடைந்தது. இத்தகைய சீடர் கிடைத்தால் தம்மருகிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். லேலேயோ, உள்ளே வீற்றிருக்கும் இறைவனின் வழிகாட்டுதலையே இனிப் பின்பற்றுமாறு கூறி விலகி நின்றார். சீடனைத் தம்மிடம் கட்டிப்போடாமல் இறைவனிடம் ஒப்படைத்தவர் அவர்.

ஸ்ரீ அரவிந்தர் பின்னர் வகுத்த பூரண யோகத்தில் ஆசனமோ பிராணாயாமமோ கட்டாயமில்லை. வாழ்வு முழுவதுமே யோகம் என்பது அவர் நெறி. ஆயினும் உடல் புறக்கணிக்கப்படவில்லை. ஆசிரமத்தில் உடற்பயிற்சிக்குச் சிறப்பிடம் தந்த ஸ்ரீ அன்னை, எழுபது வயதைக் கடந்த பின்னும் டென்னிஸ் ஆடினார்.

மருத்துவராய் இருந்த துறவி

ஆசனம், பிராணாயாமம் ஆகியவற்றை முறையான பாடமாகக் கற்பிக்கும் மரபு புதுவையில் வேரூன்றியதற்குப் பெரிதும் காரணமானவர் டாக்டர் சுவாமி கீதானந்த கிரி. 1907 இல் சிந்தித் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர். இளமையில் வங்காளத்துச் சுவாமி கனகானந்த பிருகுவிடம் யோகம் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று மருத்துவரானார். மேலை நாடுகளில் பணியாற்றிய பின் தாயகம் திரும்பி, 1968 இல் புதுவையில் ஆனந்தா ஆசிரமத்தை நிறுவினார். கம்பளி சுவாமி மடத்தின் சங்கரகிரி சுவாமிகளுடைய வழித்தோன்றலாக 1975 இல் அம்மடத்தின் அதிபதியும் ஆனார். இவ்வாறு வங்காளத்து யோகமும் புதுவைச் சித்தர் மரபும் மேலை மருத்துவமும் அவரிடம் ஒன்றாகக் கலந்தன.

அவருடைய போதனை முறையில் இந்தப் பின்னணி நன்கு வெளிப்பட்டது. மாணவரை உடனே தலைகீழாக நிற்கச் சொல்லவில்லை. முதலில் இயம நியமங்களை வலியுறுத்தினார். அடுத்து, உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் எளிய அசைவுகள். அதன் பின்னரே ஆசனங்கள். எல்லாவற்றிலும் மூச்சுக்கே முதன்மை தந்தார்.

நுரையீரலின் அடிப்பகுதி, நடுப்பகுதி, மேற்பகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே நிரப்பக் கற்பித்தது அவர் வழியின் தனிச்சிறப்பு. அடிப்பகுதிக்கு அகாரம், நடுப்பகுதிக்கு உகாரம், மேற்பகுதிக்கு மகாரம் என மூச்சை வெளிவிடும்போது ஒலிக்கச் செய்து, இறுதியில் மூன்றையும் இணைத்துப் பிரணவமாக நிறைவுசெய்வர். இதற்குப் பிரணவ பிராணாயாமம் என்று பெயர். நுரையீரலின் அமைப்பை நன்கறிந்த மருத்துவரும் பிரணவத்தின் பெருமையை உணர்ந்த துறவியும் அவருள் ஒருங்கே இருந்ததால் இப்படிக் கற்பிக்க முடிந்தது.

மருத்துவம் பயின்றவர் யோக ஆசானாவது தமிழகத்திற்குப் புதிதன்று. 1887 இல் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராகத் தொண்டாற்றி, பின் துறவு பூண்டு, 1936 இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய ரிஷிகேசம் சுவாமி சிவானந்தரும் அவ்வழியினரே. நோயாளியின் குறையைப் பொறுமையுடன் கேட்ட பழக்கம், பின்னாளில் சீடனின் குறையைக் கேட்கவும் துணைநிற்கிறது.

அடுத்த தலைமுறை

கீதானந்தரின் துணைவியார் மீனாட்சி தேவி பவனானி அமெரிக்காவில் பிறந்தவர். 1968 இல் இந்தியா வந்து, யோகத்தோடு பரதநாட்டியத்தையும் பயின்றார். 1993 இல் தோன்றிய யோகாஞ்சலி நாட்டியாலயத்தின் வாயிலாகப் புதுவைக் குழந்தைகள் பலர் யோகத்தையும் பரதத்தையும் சேர்த்தே கற்றனர். குழந்தையை அரைமணி நேரம் கண்மூடி அமரச் சொன்னால் அமராது. தாளமும் பாட்டும் கலந்தால் மகிழ்ந்து கற்கும். வேற்று நாட்டில் பிறந்தவர் நம் பண்பாட்டை நம் குழந்தைகளுக்கே எடுத்தளித்தது வியப்புக்குரியது. பிறப்பைக் காட்டிலும் ஈடுபாடும் பயிற்சியுமே ஆசானை உருவாக்குகின்றன என்பதற்கு இதுவே சான்று.

கீதானந்தர் 1993 டிசம்பரில் மகாசமாதி எய்தினார். அவருடைய மைந்தர் டாக்டர் ஆனந்த பாலயோகி பவனானியும் மருத்துவம் பயின்றவர். புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் 2008 இல் அமைந்த யோக சிகிச்சை மையத்தில் பேராசிரியர் மதன்மோகனுடன் பணியாற்றினார். உயர் இரத்த அழுத்தமுள்ள 23 பேரை அமைதியாக அமர்த்தி, நிமிடத்திற்கு 6 முறை என்னும் அளவில், 5 நிமிடங்கள் மட்டும் சீராக மூச்சு விடச் செய்து அங்கு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பயிற்சி முடிந்தவுடன் அவர்களுடைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைந்திருந்தன. உடலை வளைக்க இயலாத முதியோருக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆயினும் இது உடனடி விளைவைக் காட்டும் சிறிய ஆய்வு. மருந்தை நிறுத்திவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

முதுமைக்கு ஏற்ற ஆசான்

ஒரே ஆசான் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தலாமா? திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் (1888–1989) வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களை விரைவாகக் கற்பித்த அவரே, பிற்காலத்தில் சென்னையில் ஒவ்வொருவரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றை ஆராய்ந்து தனித்தனியே பயிற்சி வகுத்தார். பொறியியல் பயின்ற அவருடைய மைந்தர் தேசிகாச்சார் 1976 இல் தந்தையின் பெயரால் நிறுவிய யோக மந்திரம் அந்நெறியையே பின்பற்றியது. யோகத்திற்கேற்ப மனிதனை வளைப்பதைவிட மனிதனுக்கேற்ப யோகத்தை அமைப்பதே அதன் சாரம்.

நல்ல ஆசானின் இலக்கணத்தை இதிலிருந்து அறியலாம். முதல் நாளிலேயே பாயை விரிக்கச் சொல்லாமல், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், கண் அழுத்த நோய், எலும்புத் தேய்மானம், முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றை விசாரிப்பார். தரையில் அமர இயலாதவருக்கு நாற்காலியில் பயிற்சி தருவார். உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவரைச் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றைச் செய்ய விடமாட்டார். இதய நோயாளியிடம் மூச்சை நெடுநேரம் அடக்கவோ வேகமாக ஊதித் தள்ளவோ சொல்லமாட்டார். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லவும் மாட்டார். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதட்டுபவரிடமிருந்து விலகிவிடுவதே அறிவுடைமை.

இன்று ஆயுஷ் அமைச்சகத்தின் யோகச் சான்றளிப்பு வாரியம் ஆசிரியர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. தகுதியுடையவர் அதற்காக வருந்தவும் மாட்டார். எனினும் சான்றிதழ் கல்வியையே காட்டும். பொறுமையையும் ஒழுக்கத்தையும் சில நாட்கள் அருகிருந்து பார்த்தே அறியவேண்டும். தம் குருவின் பெயரை வணக்கத்துடன் சொல்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறாரா என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இறைவன் உறையும் ஆலயம் இவ்வுடம்பு என்று போற்றிய மண் இது. கோயிலின் பழுதைப் பார்க்கக் கைதேர்ந்த ஸ்தபதியைத் தேடி அழைக்கிறோம். எழுபது ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த இந்த ஆலயத்தைச் சீர்செய்யவும் அத்தகைய ஒருவரையே நாடவேண்டும். உரிய ஆசான் அமையும்வரை, மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியோடு, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் நிமிர்ந்தமர்ந்து, மூச்சை அடக்காமல் சீராக விட்டு, பிரணவத்தை மெல்ல ஓதி வரலாம். உள்ளே இருக்கும் ஆதிகுருவாம் தட்சிணாமூர்த்தி, தக்க நேரத்தில் தக்க ஆசானிடம் கொண்டு சேர்ப்பார்.