பழைய தையற்பொறிகள்

குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில், பாட்டி காலத்துத் தையற்பொறி பரணில் கிடந்து, இறுதியில் பழைய இரும்பு விலைக்குப் போய்விடுவதுண்டு. அதற்கு முன் அதன் எண்ணைப் பாருங்கள். ‘சிங்கர்’ பொறியின் அடித்தளத்தில் பொறித்துள்ள எண்தான் அதன் ஜாதகம். 1900 முதல் எண்ணின் முன் எழுத்தும் சேர்ந்தது. அதைக்கொண்டு பிறந்த ஆலையையும் ஆண்டையும் அறியலாம். ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த பொறிகளோ இன்னும் தைக்கின்றன!

பொறியூசிக்குக் காது முனைப்பக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊசி துணிக்கடியில் இறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் வளையமாக விரிகிறது. ஷட்டில் அதனுள் நுழைந்து அடிநூலைக் கோக்கிறது. 1846இல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்ற பொறியிலும் ஷட்டில் உண்டு. மிகப் பழையவற்றில் அது படகு வடிவினது. அது தொலைந்திருந்தால் வாங்கத் தயங்குக.

குற்றாலச் சாரலின் ஈரக்காற்றுக்கு அஞ்சிச் சிலர் தேங்காய் எண்ணெய் விடுகின்றனர். அது நாளடைவில் பிசினாக இறுகிச் சக்கரத்தையே பூட்டிவிடும். பலர் பழுதென்று விற்பது இந்தப் பிசினைத்தான்! இணைப்புகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்தபின், தையற்பொறிக்குரிய எண்ணெய் இடுக. பொன்வண்ணச் சித்திரங்களில் மண்ணெண்ணெய் படலாகாது. சக்கரம் ஒரு விரலுக்கு இணங்கிச் சுழன்றால், நூல் கோத்துத் தைத்துப் பார்க்கலாம்.